யூப்பின் பத்து ரூபாய்

ஜூப் என்றுதான் படித்தேன்.
யூப், என்று திருத்தினான் டிர்க்,
உரக்கப்பல் சமையல்காரன்.
பர்மா பஜாரில் என் கடையில் பேட்டரி வாங்கி
சில்லறைக்குப் பதில் வைத்துவிட்டுப் போன கேசட்.

அட்டையில் யூப்புக்கு முப்பது வயசிருக்கும்.
கழுத்தில் சங்கிலி, மடியில் அக்கார்டியன்,
பின்னால் ஒரு கால்வாய்.
கூவம் மாதிரிதான், படகு மட்டும் கூடுதல்.

மீன் மார்க்கெட்டில் பெட்டி தூக்கினவனாம்.
பீர்க்கடையில் பாடி ஊரையே அழவைத்தவனை
நாக்கு சுத்தமில்லை என்று
ரேடியோவில் திருப்பி அனுப்பினார்களாம்.
ரேடியோ எல்லா ஊரிலும் ரேடியோதான்.

வருஷத்துக்கு ஒரு கப்பல், ஒரு கேசட்.
இரண்டாவதில் வெள்ளைக் கோட்டு.
மூன்றாவதில் பக்கத்தில் ஒருத்தி.
நான்காவதில் அவள் நின்ற இடத்தில் நாய்.
ஐந்தாவதில் நாய் கொழுத்திருந்தது.

சொல் ஒன்றும் புரியாது.
அழுகிற இடம் மட்டும் தெரியும்.
அங்கே அக்கார்டியன் மூச்சு வாங்கும்,
அவன் வாங்கமாட்டான்.

ஒரு சாயங்காலம் அது ஓடிக்கொண்டிருந்தபோது
கானா பாடும் கல்மண்டபம் லூர்துசாமி
டீ கிளாசோடு அப்படியே நின்றார்.
"யார்ரா செத்தது?"
"யாரும் இல்லண்ணே. ஹாலந்து பாட்டு."
"ஹாலந்துல யார்ரா செத்தது?"

டிர்க் எப்போதோ சொன்னதைச் சொன்னேன்:
அம்மா ராத்திரியெல்லாம் கதவைப் பூட்டவில்லை,
பிள்ளை குடித்துவிட்டுப் பாலத்தில் உட்கார்ந்திருக்கிறான்.
அவர் மேலே கேட்கவில்லை.

அந்த வாரம் காசிமேட்டில் ஒரு சாவு.
விசைப்படகு டிரைவர், இருபத்தாறு வயசு.
விடிகாலை மூன்று மணிக்கு
டோலக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு
யூப்பின் மெட்டை எடுத்தார் லூர்துசாமி.
பாலம் சூரியநாராயண செட்டித் தெரு முனையாயிற்று.
கதவு கதவாகவே இருந்தது.
செத்தவனின் அம்மா எழுந்துபோய்
ஒருக்களித்திருந்த கதவை அகலத் திறந்து
கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.
அவர் அடுத்த அடியைப் பாடவில்லை.

விழுந்த நோட்டில் ஒன்று, மயில் போட்ட பத்து ரூபாய்,
என் சட்டைப்பையில் திணித்தார்.
"மெட்டுக்காரனுக்கு."

டிர்க் வாங்கிக்கொண்டு போனான்.
தொலைத்திருக்கலாம்.
அவன் ஊரில் மயில் எந்தக் கடையில் செல்லும்?

இரண்டு வருஷம் கப்பல் இல்லை.
ஆறாவது கேசட்டை வேறு யாரோ கொண்டுவந்தான்.
யூப்புக்கு முடி போய்விட்டது. நாயும் இல்லை.
பீர்க்கடை மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.
பின்சுவர் நிறைய போட்டோ.
நடுவில் பழுப்பாக, நகமளவு ஏதோ,
குண்டூசி குத்தி.

வாட்ச் ரிப்பேர் காதரின் கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்த்தோம்.
லூர்துசாமி மயில் என்கிறார், தோகைகூடத் தெரிகிறதாம்.
எனக்குப் பீர் பாட்டில் லேபிள் மாதிரி இருக்கிறது.
சொல்லவில்லை.