இரண்டு துரை

மூக்கையூர். சந்தியாகப்பர் திருவிழா, ஆறாம் நாள்.
மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் மேடை.
கச்சான் காற்று கருப்புத் திரையைப் பிடித்து உதறுகிறது.
மணல் மைக்குக்குள் போய்
புரொபசர் மாயழகின் குரலைக் கரகரப்பாக்குகிறது.
அவன் என் அண்ணன்.
நான் திரைக்குப் பின்னால்.

முயலுக்கு வயிற்றுப்போக்கு, படுத்திருக்கிறது.
புறாவை வெளியே எடுப்பதில்லை,
இந்தக் காற்றில் விட்டால் இலங்கையில்தான் இறங்கும்.
ஆக, இன்றைக்கு எல்லாப் பாரமும் எலி தலையில்.

எலிகள் இரண்டு. பெயர் ஒன்று: துரை.
மேடையில் ஒரு துரை.
என் பாவாடை நாடாவில் தொங்கும் சுருக்குப்பையில் ஒரு துரை.
அது மேசையின் கள்ள டிராயருக்குள் விழுந்து மறையும்.
இதை நான் திரையின் கிழிசல் வழியே
யாரோ கழற்றிக் கொடுத்த தொப்பிக்குள் ஏற்றுவேன்.
எட்டிப் பார்க்கும் துரைக்குக் கைதட்டல், வறுத்த கடலை.
விழுந்த துரைக்கு, பலகைக்கு மேலே
மழை பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம்.

போன மார்கழியில் சாயல்குடியில்
இரண்டும் கடித்துக்கொண்டன.
ஒன்றின் இடது காதில் பயறளவு போயிற்று.
அண்ணன் கத்தரிக்கோலைச் சுடுதண்ணீரில் முக்கினான்.
"பிடிச்சுக்க" என்றான்.
கடிபடாத துரையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.
அதன் நெஞ்சு என் கட்டைவிரலுக்குக் கீழே
தையல் மிஷினாக ஓடியது.
பிறகு மஞ்சள் வைத்தேன்.
மறுபடி இரண்டும் ஒரே எலி.

மூக்கையூரில் எலிக்குச் சிரிக்க மாட்டார்கள் என்று
யாரும் எங்களிடம் சொல்லவில்லை.
துரை கயிற்றில் நடந்தான். மணி அடித்தான்.
தீப்பெட்டித் தேர் இழுத்தான்.
ஒரு கை தட்டவில்லை.
முன்வரிசையில் கித்தேரி எழுந்தாள்:
"தம்பி, நேத்து ராவு எங்க நண்டு வலைய
முழம் முழமாக் கொதறிட்டுப் போயிருக்கு.
ஒன்ன மறைக்கிறதெல்லாம் ஒரு வித்தையா?
கொட்டாயில கெடக்குற அம்புட்டையும் மறைச்சுக் காட்டு."
அதற்குத்தான் சிரித்தார்கள்.

அண்ணனும் சிரித்துவிட்டு, ஒரு பையனின்
கிரிக்கெட் தொப்பியை வாங்கி மேசையில் கவிழ்த்தான்.
துரை டிராயருக்குள் விழுந்தான்.
கோல் சுழன்றது.
நான் பைக்குள் கை விட்டேன்.
விரல் மறுபக்கம் வெளியே வந்தது.

வட்ட ஓட்டை. ஓரம் இன்னும் ஈரம்.

தொப்பியைத் தூக்கினான். காலி.
மந்திரத்தை மறுபடி சொல்லித் தூக்கினான். காலி.
திரையைப் பார்த்தான்.
கூட்டம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து
இதுதான் வித்தை போல என்று
தட்டத் தொடங்கியது, அன்றைக்கு முதல்முறையாக,
கித்தேரியும் கூட.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
மூன்று ராத்திரியாகக் கொறிக்கிற சத்தம்
என் இடுப்பெலும்புக்குக் கேட்டது.
பஸ்ஸில் கேட்டது. கோயில் மண்டபத்தில்
ஒருக்களித்துப் படுத்தபோது கேட்டது.
கடலைத் தோலாக இருக்கும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு
அந்தப் பக்கமாகப் புரளாமல் கிடந்தேன்.

இன்று விடியலில் ராமநாதபுரம் போன அண்ணன்
அரண்மனைத் தெருவில் புது வெள்ளெலி வாங்கி வந்திருக்கிறான்.
சின்னது. இரண்டு காதும் முழுசு,
வெயிலில் தூக்கிப் பிடித்தால் சிவப்பு நரம்பு தெரிகிறது.
டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிக்
கத்தரிக்கோல் தேடுகிறான்.

அது கித்தேரியிடம் இருக்கிறது.
பை தைக்க இரண்டு பாகம் நைலான் நூல் கேட்டு
மாற்றிக்கொண்டேன்.
வலைக் குவியல் நடுவே காலை நீட்டி உட்கார்ந்து
கிழிந்த கண்ணிகளை வெட்டி எறிந்துகொண்டிருந்தவள்
ஓர் ஓட்டையில் விரலை மாட்டிக் காட்டினாள்:
"இது புதுசா இருக்கு.
எங்க எலியா, ஒங்க எலியா?"

நான் குனிந்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.