காலம் பிழைத்தது

"பொய் சொல்லலாம்,
காலம் மட்டும் பிழைக்கக்கூடாது"
என்றுதான் றொபின்சன் சேர்
களுவாஞ்சிகுடி வகுப்பிலிருந்து அனுப்பிவைத்தார்.
அவர்கள் நம் பாட்டைக் கேட்பதில்லையாம்,
வினைச்சொல்லின் வாலைத்தான் கேட்பார்களாம்.
பாடும்மீனை மட்டும் இழுக்க வேண்டாம்,
போனமுறை இருபத்திரண்டு பேர் அதையே சொல்லி
பரிசோதகர் கொட்டாவி விட்டாராம்.

வீட்டில் பாட்டே போடாத சாய்ந்தமருது சிஃபானா
பியானோ பிடிக்குமென்று பாடமாக்கினாள்.
மெல்லிய இசை, மழைநேரம், யன்னலோரம்.
எனக்கும் அதில் பாதி தந்தாள்.

மட்டக்களப்பில், வாவி தெரியும் ஹொட்டேல் மேல்மாடி.
ஏசிக் குளிரிலும் உள்ளங்கை வேர்த்தது.
எதிரே நீலப் பேனாவோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி,
நடுவில் சிவப்புப் புள்ளி எரியும் ரெக்கோடர்.

எந்த மாதிரி இசை பிடிக்கும்?
மெல்லிய இசை.
எப்போது கேட்பீர்கள்?
மழைநேரம், யன்னலோரம்.

மழைநேரம் எங்கள் யன்னலை
உரப்பை வைத்து ஆணியடித்து மூட வேண்டும்.
நான் கேட்பதெல்லாம்
தையல் பெக்டரி ஸ்பீக்கரில் வருவதுதான்.
மூன்று மணிக்குப் பிறகு தாளம் கூடும்,
தாளத்தோடு டாகெட்டும் கூடும்.
அந்த நேரத்துப் பாட்டு ஒன்றுமே எனக்குப் பிடிக்காது.
பிடிக்காததைச் சொல்ல
சிஃபானா எழுதித் தரவில்லை.

வீட்டில் வேறு யாருக்கும் இசையில் ஈடுபாடு உண்டா?

இது பாடத்தில் இல்லை.
வாய் தானாகத் திறந்தது.
என் கணவர் தினமும் காலையில் இசை வாசித்தார் என்றேன்.
ஊர் முழுக்கக் கேட்டது என்றேன்.
ஓந்தாச்சிமடத்திலிருந்து பெரியகல்லாறு வரை
பிள்ளைகள் காசோடு ஓடி வந்தார்கள் என்றேன்.
ஆறு வருஷம், ஒரே மெட்டு.
பாண் ஓட்டோவுக்குத்தான்
இங்கிலீசு வரவில்லை.

நீலப் பேனா நின்றது.
அவள் குரல் ஒரு படி இறங்கியது:
வருந்துகிறேன். இசைக்கலைஞராக இருந்தாரா?

அப்போதுதான் விளங்கிற்று,
தவநேசனை நான் சாகடித்துவிட்டேன்.
கத்தியில்லை, காய்ச்சலில்லை,
ஒரு வினைச்சொல்லின் வாலால்.

திருத்தப் பார்த்தேன்.
உயிரோடு இருக்கிறார், டோஹாவில் லொறிக்குச் சீமெந்து ஏற்றுகிறார்,
போனவர் இன்னும் வரவில்லை,
போனதும் முடியவில்லை.
அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது,
சேர் பலகையில் இரண்டு கோடு போட்டுக் காட்டியது.
அது நாக்குக்கு வருவதற்குள்
மணிக்கூட்டில் அரை நிமிஷம் போய்விட்டது.

"நன்றி" என்றேன்.

தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினாள்.
குடித்தேன்.
விதவைக்குக் கொடுத்த தண்ணீர்,
நல்ல குளிர்.

இரவு எட்டரைக்கு அழைத்தார்.
"எப்பிடிப் போச்சு?"
"பாட்டப் பத்திக் கேட்டாங்க."
"என்னப் பத்திச் சொன்னயா?"
"சொன்னன்."
"என்னெண்டு?"
"இசைக்கலைஞர் எண்டு."
அங்கேயிருந்து சிரிப்பு வந்துசேர
இரண்டு செக்கன் பிடித்தது.
அந்த இரண்டு செக்கனும் நான் மூச்சு விடவில்லை.
பிறகு பிழைத்துக்கொண்டார், சிரித்துச் சிரித்து இருமினார்.
அந்த மெட்டென்றால் அவருக்கு ஆகாது.
ஓட்டோவை விற்ற நாளில்
ஸ்பீக்கர் வயரைத்தான் முதலில் பிடுங்கினார்.

மறுநாள் ஆறேகாலுக்கு
வேறு ஒருவரின் ஓட்டோ, அதே மெட்டு.
யார் கட்டிய மெட்டென்று கல்லாற்றில் யாருக்கும் தெரியாது.
மேற்கத்திய இசை கேட்பீர்களா என்று கேட்டிருந்தால்
இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன்.
நேற்றுப் பாண் மிச்சமிருந்தது, காசு எடுக்கவில்லை.
உரப்பையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு
சந்தி திரும்பும்வரை கேட்டேன்.

பதின்மூன்றாம் நாள் முடிவு வந்தது.
பேச்சுக்கு ஆறரை.
அதில் பொய்க்கு எவ்வளவு, பிழைக்கு எவ்வளவு என்று
பிரித்துப் போட்டிருக்கவில்லை.