மிச்சம் இரண்டடி நான்கு அங்குலம்

அளவு நாடாவின் ஒரு முனையைக்
கிர்த்திகன் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கிறான்,
விட்டால் சுவர் ஓடிவிடும் என்பதுபோல்.
எட்டடிக்கு ஏழு.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொள்கிறேன்.
ஏற்கெனவே அதற்குள் ஓர் அலமாரி, ஒரு மேசை,
உள்பக்கமாகத் திறக்கும் கதவு,
ஏழு வயது.

பாயா தெருபோங், பதினான்காம் மாடி.
வாங்கும்போது மூன்று அறை என்றார்கள்.
மூன்றாவதை அறை என்று சொன்னவர்
நின்றுகொண்டே தூங்குகிறவராக இருக்க வேண்டும்.

ஜெலுத்தோங்கில் ஊய் கடை.
பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டில்கள் வரிசையாக.
முதலில் காட்டியது உயரக் கட்டில்:
மேலே பிள்ளை, கீழே சாமான், ஏற ஓர் ஏணி.
எங்கள் கூரையில் காற்றாடி இருக்கிறது, அங்கிள்,
பையன் எழுந்து உட்கார்ந்தால்
தலை நேரே இறக்கைக்குப் போகும்.
ஊய் அண்ணாந்து தன் காற்றாடியைப் பார்த்தார்,
அதை அன்றுதான் முதல்முறை சந்திப்பவர்போல்.

அடுத்தது, மெத்தையோடு பலகை மேலெழும் கட்டில்.
ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார்.
முதலை வாயைத் திறந்ததுபோல் இருந்தது.
கிர்த்திகன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு,
"நான் தூங்குறப்ப உங்களுக்கு ஏதாச்சும் வேணும்னா?"
"எழுப்புவேன்."
"அப்ப நான்தான் மூடியா?"

மூன்றாவது, பக்கவாட்டில் மூன்று இழுப்பறை.
ஆயிரத்து நூற்று எண்பது வெள்ளி, தவணையும் உண்டு.
ரசீதைப் புரட்டிக் கணக்குப் போட்டேன்.
முழுசாய் இழுக்க இரண்டடி வேண்டும்;
மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே பதினோர் அங்குலம்.
"போலே லா," என்றார் ஊய்,
"பாதி திறந்தா பாதி சாமான்."

திரும்பும் பேருந்தில்
உள்ளே வைக்க வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டே வந்தேன்:
தீபாவளிப் பலகார டின்கள் ஒன்பது,
பழுதுபார்த்தால் ஓடக்கூடிய மிக்ஸி,
தைப்பூசத்துக்கு எடுத்துக் கட்டாமல் போன பச்சைப் புடவை,
பழைய ரசீதுகள், எதற்கென்று தெரியாத சாவிகள்,
அவருடைய குளிர்ச்சட்டை
(ஜொகூரில் எதற்குக் குளிர்ச்சட்டை?).
"என்னோடது?" என்றான்.
ஆயர் ஈத்தாம் சந்தைவரை
நான் வாயைத் திறக்கவில்லை.
ஒரு ஸ்டோர் வாங்கி
அதன்மேல் பிள்ளையைப் படுக்கவைக்கப் பார்த்திருக்கிறேன்.

"மேசையை ஹாலுக்குத் தள்ளு," என்றார் போனில்.
மாதம் இருமுறை வருகிறவருக்கு
எல்லாம் சுலபமாய் நகரும்.
தள்ளினோம். இப்போது சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில்
கணக்குப் புத்தகம், சில நாள் அதன்மேலேயே குழம்பு.
மிக்ஸியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன்.
நடு இழுப்பறை அவனுடையது.
அதில் என்ன என்று கேட்பதில்லை.
இழுத்தால் உருளும் சத்தம் வருகிறது.

கட்டில் வந்த அன்றே
நாடாவோடு அதன்மேல் மல்லாந்தான்:
"என்னை அளங்க."
மூன்றடி பதினோர் அங்குலம்.
கட்டில் ஆறேகாலடி.
காலுக்குக் கீழே மிச்சம் இரண்டடி நான்கு அங்குலம்.
"இப்போதைக்கு அங்க எதையாச்சும் வைக்கலாமே?"
என்னிடமிருந்துதான் கற்றிருக்கிறான்.
வேண்டாம், அது காலியாகவே இருக்கட்டும் என்றேன்.

பாயான் லெப்பாஸில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து,
தொழிற்சாலைப் பேருந்து இறக்கிவிட்டு,
மின்தூக்கி ஒருவழியாய் வந்து,
அவனைப் பார்த்துக்கொள்ளும் ரேவதியக்கா
எதிர் வீட்டுக்குப் போனபின்
நள்ளிரவு தாண்டியிருக்கும்.
என் அறைவரை நடக்க மனம் வராது.
சீருடையோடு அந்த மிச்சத்தில்
முழங்காலை மடித்துக்கொண்டு படுப்பேன்.
எந்தக் கடையிலும் இந்த அளவைக் கேட்டதில்லை,
ஆனால் சரியாக இருக்கிறது.

தூக்கத்தில் ஒரு கால் நீண்டு
என் முதுகைத் தொடுகிறது.
போன மாதம் எட்டவில்லை.