மூன்றாம் மெய்ப்பு

ஜனவரிக் குளிரில் எங்களைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிப் பூட்டினார்கள்.
கைபேசியைப் பழுப்பு உறையில் போட்டு, பெயர் எழுதி,
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
அதற்கு முன் அல்வா. அகலமான இரும்புச் சட்டி,
தில்லியில் நெய் உறைவதற்குள் தின்றாக வேண்டும்.
நைதானி இரண்டாம் கிண்ணம் வாங்கினார்:
"ஏப்ரலில் ரிட்டயர்மெண்ட். அடுத்த வருஷம் யார் கூப்பிடுவான்?"

என் வேலை திருத்துவதல்ல, ஒப்பிடுவது.
இடக்கையில் மூலம், வலப்பக்கம் மெய்ப்பு,
விரலிடுக்கில் சிவப்புப் பேனா.
தொகை யாருக்கு என்று படிப்பதில்லை.
காற்புள்ளி நகர்ந்தால் மட்டும் விழித்துக்கொள்வேன்.
இருபத்தோரு வருஷமாக இந்தத் தேசத்தை
வலமிருந்து இடமாகத்தான் வாசித்திருக்கிறேன்,
ஒன்று, பத்து, நூறு.

ஐந்தாம் நாள் இரவு.
பக்கம் இருநூற்றுப் பதினாறு,
மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை.
எறும்பளவு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு:
இரண்டாம் மெய்ப்பில்
நாற்பது சதவீதமும் அதற்கு மேலும்.
மூன்றாம் மெய்ப்பில் எண்பது.

விரல் தவறியிருக்கும் என்று வட்டமிட்டேன்.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
மாத்துர் மேடம் சால்வையோடு வந்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"பிழையில்லை. மேலே பேசி முடித்தாயிற்று.
முந்நூற்று நாற்பதில் ஒரு பாலம் வந்திருக்கும், பாருங்கள்."

வந்திருந்தது.
எந்த ஆறு என்று எழுதவில்லை.
இங்கே கழித்ததும் அங்கே கூட்டியதும்
ஒரு ரூபாய் பிசகாமல் நேராயின.
இவ்வளவு சுத்தமான கணக்கை
நான் அதுவரை கண்டதில்லை.

என் அக்கா செண்பகவல்லிக்கு அறுபத்திரண்டு.
வயசில்லை; வயசு ஐம்பத்தொன்று.
ஓக்லாவில் ஏற்றுமதிச் சட்டை மூட்டைகளோடு
லிஃப்ட் அறுந்து விழுந்தபின்
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து
அவள் முதுகெலும்புக்குப் போட்ட மார்க்.
பள்ளிக்கூடத்தில் முப்பத்தஞ்சைத் தாண்டாதவள்
"இப்பத்தாண்டா ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சிரித்தாள்,
சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகியபடி.

லோதி ரோடு தமிழ்ப் பள்ளியில்
இரண்டு பேரும் சேர்ந்து கத்திய பாடம் அது:
மெய்யின் தலையில் புள்ளி.
புள்ளி வைத்த இடத்தில் உயிர் இல்லை.
புள்ளிவிவரம் என்ற சொல்
அப்போது எங்களுக்குத் தெரியாது.

கீழ்த்தளத்தில் எங்களுக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார்,
ராவும் பகலும்.
அன்றிரவு எனக்குப் பிரஷர் பார்த்தார், மாத்திரை தந்தார்,
எந்தக் காகிதமும் கேட்கவில்லை.
அக்கா அதே வாரம்
சஃப்தர்ஜங்கில் விடிகாலை நாலு மணிக்கு இடம்பிடித்து
இருமுறை திரும்பியிருக்கிறாள்.
மெஷின் ரிப்பேராம்.

நைதானி தன் பென்ஷன் பக்கத்தை மட்டும்
மூன்று தரம் ஒப்பிட்டார், உதடு அசைய.
"எனக்கு ஒன்றும் தொடவில்லை" என்றார்.
சொன்னபின் என் முகத்தைப் பார்த்து
டீ வாங்கப் போய்விட்டார்.

கேள்விக்குறியை அடித்தேன்.
அடித்ததற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும்.
போட்டேன்.

பேச்சு முடிந்தபின் கதவு திறந்தது.
வெயில் பட்டுக் கண் கூசியது.
உறையைக் கிழித்துக் கைபேசியை உயிர்ப்பித்தால்
ஒன்பது தவறிய அழைப்புகள், ஒன்பதும் அக்கா.

"டேய், உள்ளேயே கிடந்தியே,
எங்களுக்கு ஏதாவது கூட்டியிருக்கானா?"
அவளுக்குப் பின்னால் டிவியில்
யார் யாரோ மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டியிருக்காங்கக்கா" என்றேன்.
எண்பது நாற்பதைவிடக் கூடத்தான்.

"அப்ப இந்தக் கம்புக்கு
அடி ரப்பர் மாத்திடலாம்டா.
தேஞ்சு போச்சு.
மொசைக்ல வழுக்குது."