ஒன்பதாம் நாள்

மாசி வெயிலில் பினாங்குத் தீவே
காய்ந்த தேங்காய் நாராகக் கிடந்த வாரம்.
செவ்வாய் சாயங்காலம்
சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை.
பாயான் லெப்பாஸ் கம்பனி வாசலில்
எல்லாரும் கூரைக்கு ஓடினார்கள்.
நான் கையை வெளியே நீட்டி
விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன்.

புறா ஆர்க்கிட்டுக்கு நாட்காட்டி கிடையாது.
வெயில் முழுக்க மொட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
சும்மா இருக்கும்.
ஒரு மழை வந்து உடம்பு சட்டென்று குளிர்ந்தால் போதும்,
அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை
காட்டில் இருக்கிற அத்தனையும் ஒரே நேரத்தில் விரியும்.
பொழுது சாய்ந்தால்
நனைந்த தாள் மாதிரி சுருண்டுவிடும்.

"வியாழன் ராத்திரி லீவு வேணும்" என்றேன்.
பகல் முழுக்க முழித்திருக்க வேண்டுமே.
லைன் லீடர் திலகேஸ்வரி ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
"என்ன காரணம்?"
"பூ பூக்குது."
"யாரு வீட்டுல? எந்த வகுப்பு படிக்கிறா?
சொல்லவே இல்ல பாரு. மண்டபம் எங்க?"
திருத்த மனசு வரவில்லை.
குடும்ப விசேஷம் என்று
அவளே கட்டத்தில் எழுதிக்கொண்டாள்.

புதன் இரவு பன்னிரண்டு மணிநேரம்
நுண்ணோக்கிக்கு அடியில் சில்லுகள்.
கீறல், பிசிறு, தூசு.
சிவப்புப் புள்ளி வை. தள்ளு.
காலை ஏழுக்கு வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு
அதே கண்ணோடு கொடிமலை ஏறினேன்.

தண்ணீர்மலைப் பக்கம், நிலா வாசல் பாதை.
இரண்டாவது வளைவிலேயே வாசனை வந்துவிட்டது.
பூதான் வரவில்லை.
அண்ணாந்து பார்த்தால்
நாற்பதடி உயரத்தில் அத்தனையும் இருக்கிறது,
கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட
ஒரு லோத்தோங் குரங்கு பக்கத்தில் உட்கார்ந்து
எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
கொம்தாரில் பழசாக வாங்கிய என் லென்ஸுக்கு
மூன்றங்குலத்தில் இருக்கிற எறும்பைத்தான் தெரியும்.
அதற்கு மேல் உலகம் ஒரு பச்சைப் புகை.

இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு
மேலே போன சீனப்பெண் ஒருத்தி
என் கழுத்தைப் பார்த்துச் சிரித்தாள்.
"ஜாத்தோ, சானா" என்று
தாடையால் காட்டினாள்.
விழுந்து கிடக்கிறதாம், அங்கே.

செவ்வாய் மழையில் முறிந்த கிளை.
பாதைக்குக் குறுக்கே, சேற்றில் முகம் வைத்து.
முறிந்ததைக் கணக்கில் சேர்க்காமல்
ஒன்பது நாளையும் எண்ணி முடித்திருந்தது.
என் முழங்கால் உயரத்தில்
முப்பது, நாற்பது வெள்ளைப் புறா.

வெள்ளையைப் படம் எடுப்பது லேசில்லை.
இருக்கிற வெளிச்சத்தை அப்படியே விட்டால்
பூ எரிந்துபோய்
படத்தில் வெறும் ஓட்டையாகத் தெரியும்.
ஒளியைக் குறைத்தேன். இதழில் ஒரு மடிப்பு வந்தது.
இன்னும் குறைத்தேன். தொண்டைக்குள் மஞ்சள் வந்தது.
இன்னும். நரம்புகள் வந்தன,
ஒரு ஓரத்தில் வண்டு கடித்த பல் வரிசையும்.
விரல் தானாகச் சிவப்புப் புள்ளியைத் தேடியது.
அதற்குள் காடு முழுக்க இருட்டிவிட்டது:
பாசி, படி, ஓடைச் சத்தம் வந்த திசை,
பூவின் மேல் விழுந்த
என் மூச்சு.

இருநூற்றுப் பதினொரு படம்.
அந்தக் கடிபட்ட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வெள்ளி இரவு, இரண்டு மணிச் சாப்பாடு.
திலகேஸ்வரி போனை வாங்கி
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள்.
மண்டபம் எங்கே என்று கேட்கவில்லை.
"ராத்திரியிலயா எடுத்தே?"
"காலையில. ஒன்பதே முக்கால்."
ஜன்னல் இல்லாத கேண்டீனில்
ஒருமுறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
பிறகு ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக்கொண்டே
"பொண்ணு நல்ல நெறந்தான்" என்றாள்.