ஒரு விரற்கடை

காகிதப்பட்டறையில் என் பிரேம் கடை.
பேரில்தான் காகிதம், வாங்குவது சென்னையில்.

சித்திரைக் கடைசியில், ஒரே வாரத்தில்
இரண்டு பேர் வந்தார்கள்.

மேல்விஷாரம் ஜக்கரியா சாயபு, தோல் ஏற்றுமதி.
படத்தைப் பார்க்குமுன் தாளைத் தொடுவார்,
கட்டைவிரலாலும் ஆள்காட்டியாலும்,
ஆட்டுத்தோலில் பழுது தேடுகிற மாதிரி.
அவரிடம் இருப்பது தலை.
கொண்டை அவிழ்ந்த, கண் போடாத தலை.
சிற்பி தனக்கோட்டி எந்தக் கரிப்படத்துக்கும்
கண் போட்டதில்லை.
"வெச்சா அது பாக்க ஆரம்பிச்சுடும்,
அப்புறம் நான் எங்க பாக்கறது" என்பாராம்.
ஓரத்தில், மேலிருந்து கீழாக: கா, சி.
"காசிக்குப் போய் வரைஞ்சிருக்காரு போல" என்றார் சாயபு.

டாக்டர் குருவிளா, பெரிய ஆஸ்பத்திரி, எலும்பு.
அவரிடம் தோளிலிருந்து கணுக்கால்வரை.
முதுகுக்கோடு மூன்று தடவை,
ஒன்றையும் அழிக்கவில்லை.
கல்லில் இறங்குமுன் எந்தக் கோட்டில் இறங்குவது
என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன்.
டாக்டருக்கு அந்தக் கவலை இல்லை.
முள்ளெலும்பை எண்ணினார்.
"இடது பக்கமாவே பாரம் தூக்கியிருக்கா.
நாலாவது தேஞ்சிருக்கு.
வந்திருந்தா சரி பண்ணியிருக்கலாம்."
இந்தத் தாளின் ஓரத்தில்: மா, ள்.
அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வைகாசி ஒன்று. பையன்கள் எல்லாம் குடியாத்தம் போய்விட்டார்கள்,
கெங்கையம்மன் சிரசு தெருத்தெருவாக வந்து
உடம்பில் ஏறுவதைப் பார்க்க.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
கண்ணாடி மேஜையில் இரண்டையும் சேர்த்தேன்.

சேரவில்லை.

கூந்தலின் ஓர் இழை இந்தப் பக்கம் இறங்குகிறது,
அந்தப் பக்கம் வந்து சேரவே இல்லை.
தோள் எதையோ தாங்கத் தயாராக நிற்கிறது.
நடுவில் ஒரு விரற்கடை,
மேஜைக் கண்ணாடியில் என் ட்யூப்லைட்.

காசியம்மாள்.
தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை.
எனக்குத் தெரியும்.
முழுப்பேரையும் கடைசியாகப் படித்தவன் நான்.
தொண்ணூற்றி ஒன்றில் சென்னை புரோக்கர் சுட்டிப்பெருமாள் வந்து
"படம் ஒண்ணு, பார்ட்டி ரெண்டு" என்றான்.
நாற்பது ரூபாய் கொடுத்தான்.
இரும்பு ஸ்கேல், புது பிளேடு.
முதல் வெட்டில் கரி கொஞ்சம் இழுபட்டது.
சுத்தமாக இருக்கட்டுமே என்று
இரண்டு ஓரத்தையும் இன்னொரு தடவை சீவினேன்.

சீவிய துண்டுகளில் என்ன இருந்தது என்று அன்றைக்குப் பார்க்கவில்லை.
பசை பிரஷ் துடைத்திருப்பேன்.

சாயபுக்குத் தேக்கு. டாக்டருக்குக் கறுப்பு.
தனித்தனி பில் போட்டேன்.
வெட்டோரம் தெரியாமல்
மவுண்ட் அட்டையைக் கொஞ்சம் ஏற்றி ஒட்டச் சொன்னார்கள்
இருவருமே.