நூற்றுப் பன்னிரண்டாம் அடி

விடுதி வாசலிலிருந்து நூலகம்
நானூற்று முப்பது அடி.
என் கால் போட்ட கணக்கு.
செருப்பு மாறினால் இரண்டு மூன்று கூடும்.

நூற்றுப் பன்னிரண்டில் ஒரு வேம்பு.
கன்னத்தில் வெயில் சட்டென்று அணையும் இடம்.
இருநூற்று நாற்பதில்
இஞ்சி நசுங்கும் வாசனை, டீக்கடை.
அங்கே திரும்பினால்
ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும் காற்று
நேராக நெற்றியில் முட்டும்.
பெங்களூர் சாலை லாரிகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.
அவ்வளவுதான் என் வரைபடம்.
நான்கு வருடமாக அதில் ஒரு திருத்தமும் இல்லை.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை
நூற்றுப் பன்னிரண்டிலும் வெயில் அடித்தது.
எண்ணிக்கை பிசகிவிட்டதென்று
வாசலுக்குத் திரும்பி
முதலிலிருந்து எண்ணி வந்தேன்.
கணக்கு சரி.
மரம்தான் இல்லை.

ஆய்வகக் கட்டடமாம், ஏழு மாடி.
தோண்டிய இடத்தில் வெள்ளைக்கல் மண் பறந்து
நாக்கில் சுண்ணாம்பாய் ஒட்டியது.
பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையை
பர்வீன் வாசித்தாள்:
"பணி நடைபெறும் பகுதிகளில்
அனைவரும் பார்த்துச் செல்லவும்."
வாசித்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.
நானும் சிரித்தேன், கொஞ்சம் கழித்து.

காவலர் அர்த்தநாரி அண்ணன் நல்ல மனிதர்.
"அந்தப் பக்கம் போகாதேம்மா, இந்தப் பக்கம் வா" என்பார்.
எந்தப் பக்கம் அண்ணா?
"அதான் கையைக் காட்டறேனே."

பொறியாளரிடம் மனு கொடுத்தேன்.
"மூணு மாசம் ரூம்லயே இருந்து படிக்கலாமே மேடம்,
புஸ்தகம்தானே, யாராவது எடுத்துட்டு வருவாங்க."
மனுவை மடிக்கும் சத்தம் கேட்டது.

சரி, சத்தத்தையே பிடித்துக்கொண்டேன்.
கலவை இயந்திரம் இரைந்தால் அது வலது.
கம்பி வெட்டும் கிறீச் இடது.
இரண்டுக்கும் நடுவே
லாரி மிதித்து இறுகிய தடம்.
புகார் சொல்லிக்கொண்டிருந்த இரைச்சல்
வழியாகிவிட்டது.
குழி விளிம்பில் ஜல்லி சுமக்கும் புத்னி
என் கோலைப் பார்த்திருக்க வேண்டும்.
இரும்புச் சட்டியில் கரண்டியால் தட்டுவாள்.
ஒரு டங் என்றால் வா.
இரண்டு என்றால் நில்.
அவளுக்குத் தமிழில் தெரிந்தது "தண்ணி", "கூலி", "சீக்கிரம்".
எனக்கு அவள் மொழியில் அதுகூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமையை நான் யோசிக்கவில்லை.

வேலை இல்லாத நாள்.
கலவை இல்லை, கம்பி இல்லை.
இத்தனை நாள் கேட்ட நிம்மதி
மொத்தமாக வந்து இறங்கியிருந்தது.
நூற்றுப் பத்து, நூற்றுப் பதினொன்று.
கோலை நீட்டினேன்.
நுனிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
கீழேயிருந்து ஈர மண்ணின் மூச்சு.
காலால் தட்டிய கல் ஒன்று விழுந்து
நான் எதிர்பார்த்ததைவிட நேரம் கழித்து
தண்ணீரில் முழுகியது.

எந்தப் பக்கம் பின்னால்
என்பதே மறந்துபோனது.

தகரக் கொட்டகைப் பக்கம் கடுகெண்ணெய் காயும் வாசனை.
அப்புறம், தூரத்தில்,
டங் டங்.
டங் டங்.
டங் டங்.
ஓடிக்கொண்டே தட்டுகிறாள்,
சத்தம் குலுங்கிக் குலுங்கி வருகிறது.
மணிக்கட்டைப் பிடித்தாள். சோற்றுப் பிசுக்குக் கை.
என்னவோ திட்டினாள்.
அர்த்தம் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை சிவப்பு ரிப்பன் கட்டினார்கள்,
அதுவும் பார்ப்பவர்களுக்கு.
அதற்குள் என் இடுப்பு உயரத்தில்
முறுக்கிய பழைய நைலக்ஸ் சேலை ஒன்று
குழியைச் சுற்றி ஓடியது,
கம்பத்துக்குக் கம்பம் ஒரு முடிச்சு.
கடைசி முடிச்சு மட்டும் தளர்வு.
தினமும் நான் இறுக்கிவிட்டுப் போகிறேன்.

இப்போதைக்குத் திருத்திய கணக்கு:
விடுதியிலிருந்து நூலகம்
ஐந்நூற்றுப் பதினாறு அடி,
ஒன்பது முடிச்சு.
ஞாயிற்றுக்கிழமையும்.